இரண்டு முறை பழுதுபார்க்கப் போன நடராஜர்

சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் அச்சு உடைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் கரி படிந்த மண்கட்டி, அவ்வளவுதான். சுத்தியலால் பக்குவமாகத் தட்டத் தட்டச் சுட்ட மண் சில்லு சில்லாகப் பெயரும். முதலில் ஒரு விரல் தெரிந்தது, பிறகு தூக்கிய பாதம். முகம் கடைசியில்தான் வந்தது, அதுவும் சாம்பல் பூசினாற்போல. காலடியில் அச்சு நொறுங்கிக் கிடந்தது. அதைப் பெருக்கித் தள்ளிவிட்டார்கள்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி நிழலில் உலர்த்தி, மேலும் மேலும் மண் அப்பிக் கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகைப் பிசைய வேண்டும், மறுபடி ஒருவர் கைபட வேண்டும். எனவே அச்சு அசலாக அதே சிலை என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. சிவபுரத்து நடராஜரின் கதை இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

கும்பகோணத்துக்கு ஒரு பக்கம் சுவாமிமலை, இன்னொரு பக்கம் சிவபுரம். சுவாமிமலையில் சிவன் மகனிடம் பாடம் கேட்ட சீடர். சிவபுரத்தில் அவரே சிவகுருநாதர். 1951இல் அங்கே நிலத்தைத் தோண்டியபோது செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று 10ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராஜர். அரசு அவற்றைக் கோயிலிடமே ஒப்படைத்தது. மண்ணில் கிடந்த உடம்பல்லவா, பழுதுபார்க்க வேண்டியிருந்தது. 1954இல் ஸ்தபதி ஒருவரிடம் கொடுத்தார்கள். போனவர் ஒருவர், திரும்பி வந்தவர் வேறொருவர்.

ஊரில் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்று கேட்பவர்கள் உற்சவரைக் கிட்டே பார்த்ததில்லை என்று அர்த்தம். பட்டு, மாலை, சந்தனம் எல்லாம் சாத்திய பிறகு கண்ணுக்குத் தெரிவது முகமும் தூக்கிய திருவடியும்தான். தீபாராதனை வெளிச்சத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவன் முழங்கால் மடிப்பையா அளந்து பார்ப்பான்?

அளந்து பார்த்தவர் வெளியூர்க்காரர், ஒருவகைத் துப்பறிவாளர். குற்றவாளியின் மனத்தைப் படிக்கும் ‘கிரிமினல் மைண்ட்ஸ்’, ‘மைண்ட்ஹண்டர்’ போன்ற தொடர்கள் இப்போது நம் கூடத்துக்கே வந்துவிட்டன. சம்பவ இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, ஆள் ஒண்டிக்கட்டை, வயது முப்பது என்று சொல்லிவிடுகிறார்கள். ‘மைண்ட்ஹண்டர்’ நாயகன், ஜான் டக்ளஸ் என்ற நிஜ எஃப்.பி.ஐ. அதிகாரியின் சாயலில் உருவான பாத்திரம். அவர் வேலை பார்த்த நடத்தை அறிவியல் பிரிவு தொடங்கியது 1972இல். அதற்கு ஏழு வருஷம் முன்பே, பெயர்ப்பொருத்தத்தைப் பாருங்கள், இன்னொரு டக்ளஸ் சிவபுரத்தில் துப்பு துலக்கிவிட்டார். பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் அவர். முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965இல் வெளிவந்த தம் நூலில், கோயிலில் இருப்பது புதுவார்ப்பு, அசல் பம்பாயில் தனியார் ஒருவரிடம் இருக்கிறது என்று எழுதிவிட்டார். அவரிடம் கைரேகை இல்லை, வாக்குமூலம் இல்லை. சிலையில் தெரிந்த கைவாகு ஒன்றே சாட்சி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கைக்கும் நேற்றைய கைக்கும் உள்ள வித்தியாசத்தை மெழுகு மறைக்கவில்லை.

அதன் பிறகு நடராஜர் பம்பாய் தாண்டி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1973இல் கலிபோர்னியத் தொழிலதிபர் நார்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். கடத்தி வந்த சிலைதான் என்று பத்திரிகைக்காரரிடம் தயங்காமல் சொல்லிவிட்டு, அப்புறம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்ததும் அவர்தான். இந்திய அரசு வழக்குப் போட்டது. அப்போது சிலை எங்கே இருந்தது தெரியுமா? லண்டனில், ஒரு பழுதுபார்க்கும் கூடத்தில். முதல் முறை பழுதுபார்க்கப் போய் வீட்டை இழந்தவர், இரண்டாம் முறை போனபோது அகப்பட்டார்.

1976இல் சமரசம் ஆயிற்று. பத்து வருஷம் அமெரிக்காவில் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பித்தர வேண்டும் என்பது பேச்சு. எனக்கு இந்தப் பேரம் இன்னும் உறுத்துகிறது. திருட்டுப்போன மாட்டைக் கண்டுபிடித்தவன், பத்து வருஷம் பால் கறந்துகொண்டு அப்புறம் கொடு என்றா சொல்வான்? 1986இல் நடராஜர் இந்தியா வந்தார். ஆனால் பாதுகாப்புக் கருதி அவரைச் சிவபுரத்தில் வைக்கவில்லை.

அவருக்கு ஐந்து வருஷம் பின்னால், 1991இல், இன்னொரு தஞ்சாவூர்க்காரர் வந்தார்: பத்தூர் நடராஜர். 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கடத்தப்பட்ட அவரை, 1982இல் கனடா நிறுவனம் ஒன்று இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியிருந்தது. அவரும் சிக்கியது லண்டனில் சீர்செய்யக் கொடுத்திருந்த இடத்தில்தான். இந்த வழக்கில் லண்டன் நீதிமன்றம் கோயிலையே வழக்காடும் தரப்பாக ஏற்றுக்கொண்டது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். சோழர் கலையோடு கரையானும் விசாரணைக்கு வந்தது. நடராஜர்மேல் ஒட்டியிருந்த கரையான் மண்ணையும், பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளில் ஒட்டியிருந்த மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்லவேளை, அதுவரை யாரும் அவரைத் தேய்த்துச் சுத்தமாகக் கழுவியிருக்கவில்லை.