பாக்ஸ் உடன்படிக்கையும் வெளிநாட்டுத் துணையின் வதிவிட உரிமையும் (பிரான்ஸ்)

பாக்ஸ் என்பது திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவர் பிரெஞ்சுச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ளும் உடன்படிக்கை. 1999 நவம்பர் 15ஆம் நாள் சட்டம் இதைக் கொண்டுவந்தது. ஆண்-பெண் இணையர், ஒருபால் இணையர் என இரு சாராரும் இதைச் செய்யலாம். ஒருபால் திருமணத்துக்கு பிரான்ஸ் 2013 மே மாதத்தில்தான் இடம் கொடுத்தது. அதுவரை பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக, அயல்நாட்டுத் துணையோடு தமக்குள்ள உறவை அரசின் முன் எழுத்தில் காட்ட ஒருபால் இணையருக்கு பிரெஞ்சுச் சட்டம் தந்த பதிவு பாக்ஸ் மட்டுமே.

தொடக்கத்தில் நீதிமன்றத்தில் நடந்த பதிவு, 2017 நவம்பர் முதல் நகரசபைக்கு, அதாவது 'மெரி'க்கு மாறியது. சட்ட ஆவணங்களைப் பதியும் அலுவலரான நோத்தேரிடமும் பதியலாம். வெளிநாட்டில் சேர்ந்து வாழும் இணையரில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரானால் அங்குள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பதியலாம். அயல்நாட்டவர் பிறப்புச் சான்றிதழும் தாம் மணமாகாதவர் என்பதற்கான சான்றும் கொடுக்க வேண்டும். அகதியாக ஏற்கப்பட்ட ஈழத் தமிழருக்கு பிறப்புச் சான்றை வழங்குவது அகதிகள் அலுவலகமான ஒஃப்ரா. விட்டு வந்த நாட்டின் அலுவலகங்களை அவர் நாடவேண்டியதில்லை. விசா இல்லாதவரும் பாக்ஸ் செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதிவுக்குச் சட்டபூர்வ வதிவிடம் ஒரு நிபந்தனையே அன்று.

ஆனால் பாக்ஸ் பதிந்தால் 'கார்ட்' எனப்படும் வதிவிட அட்டை தானாகக் கிடைத்துவிடும் என்று நம்புவது தவறு. அந்த நம்பிக்கையால் வீணாகும் காலம் அதிகம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாக்ஸை பிரான்சோடு ஒருவருக்குள்ள சொந்தப் பிணைப்பை எடைபோட உதவும் கூறுகளில் ஒன்றாக மட்டுமே வைக்கிறது. முடிவெடுப்பது அரசின் மாவட்ட நிர்வாக அலுவலகமான பிரெபெக்தூர். உறவு எவ்வளவு ஆழமானது, எத்தனை காலமானது, எவ்வளவு உறுதியானது, விண்ணப்பதாரர் பிரெஞ்சுச் சமூகத்தில் எவ்வளவு ஊன்றியிருக்கிறார், பிறந்த நாட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்பவற்றை அது பார்க்கும். துணை பிரெஞ்சுக்காரரானால் வழக்கமாகக் குறைந்தது ஓராண்டுக் கூட்டு வாழ்க்கையைக் காட்டவேண்டும். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்கட்டணச் சீட்டு, கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி எல்லாம் இங்கே பேசும். பாக்ஸ் செய்த நாளிலிருந்தே இவற்றைக் கோப்பில் சேர்த்துவைப்பவருக்குப் பின்னர் அலைச்சல் குறையும். ஏற்கப்பட்டால் 'தனி, குடும்ப வாழ்க்கை' என்று குறித்த ஓராண்டு கார்ட் கிடைக்கும். நீண்டகால விசாவோடு வந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. இதை வைத்து வேலையும் செய்யலாம்.

திருமணத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. பிரெஞ்சுக்காரரை மணந்தவர் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்குப் பின் குடியுரிமை கோரலாம். பாக்ஸ் துணைக்கு அந்த வழி இல்லை. வதிவிட அட்டை உள்ள அயல்நாட்டவர் குடும்பத்தை அழைக்கும் ஏற்பாடும் கணவன் அல்லது மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் மட்டுமே ஏற்கும். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் வாழ்பவர்களை இப்படித் தரம் பிரிப்பது நியாயமாகப் படவில்லை. அகதிகள் விஷயத்தில் சட்டம் இளகியிருக்கிறது: தஞ்சம் கோருவதற்கு முன்பே பதிவான, பாக்ஸ் போன்ற குடிசார் இணைவின் துணையையும் அகதி அழைத்துக்கொள்ளலாம்.

இருவரும் சேர்ந்தோ ஒருவர் மட்டுமோ அறிவித்து பாக்ஸை முறிக்கலாம். கூட்டு வாழ்க்கை நின்றால் அதை நம்பிப் பெற்ற கார்டைப் புதுப்பிப்பது கடினமாகும். துணையின் வன்முறைக்கு ஆளானவர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை பெற்றிருந்தால், அதன் பேரிலேயே தனியாக வதிவிட அட்டை பெறச் சட்டம் வழிசெய்கிறது. இதில் பாக்ஸ் துணைக்கும் மணத்துணைக்கும் வேறுபாடு இல்லை.