காணாப் புண்ணும் ஆவணச் சான்றும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மூளைக்காய இழப்பீட்டு மேல்முறையீடுகள்

ஆய்வுச் சுருக்கம்

படைப்பணியில் தலையில் காயமுற்ற அமெரிக்க வீரர்கள் இயலாமை இழப்பீடு கோரித் தொடுக்கும் மேல்முறையீடுகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1988-க்குப் பின் நீதிமன்றங்கள் வீரரின் வாய்மொழிக்குச் சான்றுமதிப்பு வழங்கி வந்துள்ளன. ஆயினும், காயத்தின் அளவை மதிப்பிடும் அட்டவணையில் வாய்மொழிக்கு விதிக்கப்பட்டிருந்த பழைய உச்சவரம்பு வேறு வடிவில் நீடிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிப்புச் சொற்கள்: மூளைக்காயம், முன்னாள் படைவீரர், இயலாமை இழப்பீடு, மேல்முறையீடு, வாய்மொழிச் சான்று

முன்னுரை

போரில் பெற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றுவது தமிழ் இலக்கிய மரபு. அப்புண் தழும்பாக நின்று தனக்குத் தானே சாட்சியாயிற்று. வெடிப்பின் அதிர்வால் மூளையில் ஏற்படும் காயத்திற்குப் பெரும்பாலும் அத்தகைய தழும்பு இல்லை. இலேசான மூளைக்காயத்தில் சி.டி. ஸ்கேன் படமும் இயல்பாகவே அமைவது வழக்கம். தலைவலி, தலைச்சுற்றல், மறதி, தூக்கமின்மை ஆகியவற்றைப் பாதிக்கப்பட்டவரும் அவர்தம் வீட்டாரும் சொல்லியே பிறர் அறிய வேண்டியுள்ளது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோர வெடிகுண்டுகள் இக்காயத்தைப் பரவலாக்கின. நினைவைக் குலைக்கும் காயத்திற்கு நினைவையே சான்றாகக் கேட்க வேண்டியிருப்பது இங்கு எழும் அடிப்படைச் சிக்கலாகும். அதனைச் சட்டம் எதிர்கொண்ட முறை இங்கு ஆராயப்படுகிறது.

மேல்முறையீட்டு அமைப்பின் வளர்ச்சி

முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு வாரியம் 1933-இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் நிறுவப்பட்டது. இழப்பீட்டுக் கோரிக்கைகளில் வாரியத்தின் முடிவே இறுதியானது. அதனை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வழி 1988 வரை பொதுவாக அடைபட்டிருந்தது. வழக்கறிஞர் பெறத்தக்க கட்டணமும் 1864 முதல் 10 டாலராக வரையறுக்கப்பட்டிருந்தது. வீரரை இடைத்தரகரிடமிருந்து காக்கும் நோக்குடைய இவ்வரம்பு, காலப்போக்கில் அவருக்கு வழக்கறிஞரே கிடைக்காத நிலையை உருவாக்கியது. எனினும் 1985-இல் உச்ச நீதிமன்றம் இவ்வரம்பு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றித் தனி நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. அந்நீதிமன்றம் 1990-இல் ‘கில்பர்ட் எதிர் டெர்வின்ஸ்கி’ வழக்கில் ஐயத்தின் பயன் என்னும் கோட்பாட்டை விளக்கியது. இருபுறச் சான்றுகளும் ஏறத்தாழச் சமமாக நின்றால் முடிவு வீரரின் பக்கமே அமைய வேண்டும் என்பது அதன் சாரம். 2006-இல் ‘புக்கானன் எதிர் நிக்கல்சன்’ வழக்கில், பணிக்கால மருத்துவ ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் வாய்மொழிச் சான்றை நம்பத்தகாததாக ஒதுக்கலாகாது எனக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. காயமுற்ற பொழுதில் மருத்துவரைக் காணாமல் பணியைத் தொடர்ந்த வீரர்களுக்கு இத்தீர்ப்பு இன்றியமையாததாகும்.

2011-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ‘ஹெண்டர்சன் எதிர் ஷின்செகி’ வழக்கு மனநோயுற்ற கொரியப் போர் வீரர் ஒருவருடையது. 120 நாள் காலக்கெடுவை அவர் 15 நாள் தவறவிட்டார். தாமதத்திற்கு நோயே காரணம் என்றார். அக்கெடு நீதிமன்றத்தின் அதிகார வரம்பைத் தீர்மானிப்பதன்று என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. இவ்வழக்கு மூளைக்காயம் பற்றியதன்று. ஆயினும், இழப்பீட்டுக்குக் காரணமான நோயே இழப்பீடு கேட்பதற்கும் தடையாகலாம் என்னும் உண்மை இதில் வெளிப்பட்டது.

அட்டவணையும் உச்சவரம்பும்

உரிமை உண்டா என்பது முதல் வினா. எவ்வளவு என்பது அடுத்த வினா. இரண்டாவதற்கு விடை தருவது மதிப்பீட்டு அட்டவணை. அதில் மூளைக்காயத்திற்குரிய குறியீட்டெண் 8045. 2008 வரை இருந்த விதிப்படி, வீரர் தாமே உணர்ந்து கூறும் தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை போன்ற குறைகளுக்கு 10 விழுக்காடு மட்டுமே வழங்கப்படும், அதற்குமேல் இல்லை.

2008 அக்டோபர் 23 முதல் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. நினைவாற்றல், முடிவெடுக்கும் திறன், சமூகப் பழக்கம், உரையாடல் முதலிய 10 கூறுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட கூறின் நிலைக்கேற்ப 0, 10, 40, 70, 100 விழுக்காடு எனத் தரம் அளிக்கப்படுகிறது. வீரர் தாமே கூறும் குறைகளும் தனிக் கூறாக ஏற்கப்பட்டு 40 விழுக்காடு வரை உயர வழி பிறந்தது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

எனினும் நினைவாற்றல் என்னும் கூறினை நுணுகி நோக்கின் வேறொன்று புலப்படுகிறது. சோதனையில் புறச்சான்று கிடைக்காத மறதிக் குறைபாடு முதல் நிலையிலேயே, அதாவது 10 விழுக்காட்டிலேயே நிறுத்தப்படுகிறது. அடுத்த நிலைக்குச் செல்லச் சோதனைச் சான்று வேண்டும். பழைய விதியின் 10 விழுக்காடு இவ்வாறு புதிய விதியினுள் மறைந்து வாழ்கிறது எனலாம்.

இதனால் சோதனை செய்பவர் யார் என்பது முதன்மை பெறுகிறது. மூளைக்காயத்தை முதன்முதலாகக் கண்டறிபவர் நரம்பியல், நரம்பு அறுவை, மறுவாழ்வு மருத்துவம், மனநலம் ஆகிய நான்கு துறைகளுள் ஒன்றன் வல்லுநராக இருக்க வேண்டும் என்பது துறையின் விதி. 2007 முதல் 2015 வரை 24,000-க்கும் மேற்பட்டோருக்கு இவ்விதி பின்பற்றப்படாமல் சோதனை நடந்ததை 2016-இல் துறையே ஒப்புக்கொண்டு, மறுசோதனைக்கு வாய்ப்பளித்தது.

முடிவுரை

2017-இல் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டம் மேலதிகாரி மறுஆய்வு, கூடுதல் சான்றுடன் கோரிக்கை, வாரிய மேல்முறையீடு என மூன்று வழிகளை வகுத்தது. மேலதிகாரி மறுஆய்வில் புதிய சான்று சேர்க்க இயலாது. எவ்வழியில் எச்சான்றை எப்பொழுது அளிப்பது என்னும் தேர்வு, மறதியாலும் கவனச் சிதறலாலும் துன்புறுபவரின் தலைமேல் விழுகிறது. விரைவை நாடிய சட்டம் இச்சுமையைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

சான்றைச் சமமாக எடைபோடும் நீதிமன்றக் கோட்பாடும், புறச்சான்றைக் கோரும் அட்டவணையும் ஒரே வீரரிடம் இருவேறு மொழியில் பேசுகின்றன. முன்னது அவர் சொல்லை நம்புகிறது. பின்னது அச்சொல்லுக்கு அளவு குறிக்கிறது. வீட்டாரும் உடன் பணியாற்றியோரும் நாள்தோறும் கண்ட மாற்றங்களை நினைவாற்றல் கூறிலும் சான்றாக ஏற்பது இவ்விடைவெளியைக் குறைக்கும். காயம் கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதன் விளைவும் தெரியாதது ஆகிவிடாது. அவ்விளைவை அருகிருந்து கண்டவர்கள் இருக்கிறார்கள்.