பொறியியல் மாதிரிகளின் நம்பகத்தன்மை

அணை, பாலம், விண்கலம், ஆற்று வெள்ளம் ஆகியவற்றின் போக்கைச் சிற்றுருவாலோ கணிதத்தாலோ முன்கூட்டி அறிய முற்படுகையில், அந்த அனுமானத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நிர்ணயிக்கும் விதிகள் மாதிரிகளின் நம்பகத்தன்மையை ஆராயும் துறைக்கு உரியவை.

1870-களில் கப்பற்பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தின் டார்க்கியில் நீர்த்தொட்டி அமைத்துச் சிறு கப்பலுருக்களை இழுத்து ஆராய்ந்ததோடு நில்லாது, கிரேஹவுண்ட் என்னும் மெய்க்கப்பலையே கடலில் இழுப்பித்து அளந்து, அனுமானத்தைப் பிரத்தியட்சத்தோடு ஒப்பிட்டார். பூண்டி நீரியல் ஆய்வு நிலையத்தின் சிற்றுருக்களும் சிற்றுருவின் அளவீட்டை மெய்யளவுக்கு மாற்ற அவர் கண்ட விகித விதியைச் சார்ந்தவையே. கணினி வந்தபின், சமன்பாடுகள் பிழையின்றித் தீர்க்கப்பட்டனவா, அச்சமன்பாடுகள் மெய்யுலகை ஒத்தனவா என்று கேள்வி இரண்டாயிற்று. 1970-இல் நீரியலாளர்களான நாஷும் சட்கிளிஃபும் ஆற்றுக் கணிப்புக்கு ஓர் அளவுகோல் வகுத்தனர்; அதில் 1 என்பது பூரணப் பொருத்தம், 0 என்பது வெறும் சராசரியைச் சொல்வதற்குச் சமானம்.

கடுமையான விதிகளின் அவசியத்தை உணர்த்தியது, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்ட 2003-ஆம் ஆண்டின் கொலம்பியா விண்கல விபத்து. சிறு துணுக்குகளைக் கொண்டு சோதித்து அமைத்த கணக்கு, அவ்விண்கலத்தைத் தாக்கிய பன்மடங்கு பெரிய நுரைத்துண்டுக்குப் பிரயோகிக்கப்பட்டதை விசாரணைக் குழு கண்டது. 2008-இல் நாசா வெளியிட்ட தரவிதி, உள்ளீடு, சரிபார்ப்பு, நிச்சயமின்மை முதலிய எட்டுக் கூறுகளை 0 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்கிறது.

மாதிரியை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்வி தமிழகத்தில் கூர்மையாக எழுவது சென்னையின் அடையாற்றங்கரையில்தான். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டது. அந்நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலந்து, அனகாபுத்தூர், பொழிச்சலூர், விமான நிலையம் எனப் பாய்ந்தது. ஆனால் ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றுக்குத்தான் வருகிறது. ஆகவே செம்பரம்பாக்கத்தை மட்டும் கணக்கிடும் மாதிரி, எத்துணை நுட்பமாயினும், பொழிச்சலூரின் நீர்மட்டத்தைச் சரிவரச் சொல்லாது. இவ்வெள்ளத்துக்குப் பின் மும்பை, சென்னை ஐ.ஐ.டி.களும் அண்ணா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து, மழை, ஆறு, கடலோதம் மூன்றையும் இணைக்கும் வெள்ள முன்னெச்சரிக்கை முறையை 2019-இல் உருவாக்கின. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் அதை இயக்குகிறது.

இத்தகைய முறை ஒரு வெள்ளத்தோடு பொருந்தினால் மட்டும் போதாது. வெள்ளந்தோறும் கணித்த மட்டத்தையும் கண்ட மட்டத்தையும் ஊர்வாரியாக வெளியிடுவதே கரையோர மக்களுக்கு விஞ்ஞானம் செய்யவேண்டிய முதற்கடமை.