மேடும் கோடுகளும்

விண்மீன் திரள்களின் ஒளி நம்மை முழுதாக வந்து சேர்வதில்லை. வழியிலுள்ள வாயுவும் தூசியும் சில அலைநீளங்களை உறிஞ்சிவிடுகின்றன. இவற்றுள் சோடியம், கால்சியம் போன்றவற்றின் தடங்களை எளிதில் இனங்காணலாம். பிடிகொடுக்காதவை இரண்டு. ஒன்று, தூசி உறிஞ்சும் அளவை வரைபடமாக்கினால் புற ஊதாப் பகுதியில் 217.5 நானோமீட்டரை ஒட்டி எழும் அகன்ற மேடு. மற்றொன்று, பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் சிதறிக் கிடக்கும் 500-க்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகள்.

பட்டைகளே மூத்தவை. 1919-இல் லிக் வானாய்வகத்தில் மேரி லியா ஹெகர் 578.0, 579.7 நானோமீட்டர் பட்டைகளைக் கண்டார். இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது அவற்றின் நிறமாலை வரிகள் முன்னும் பின்னும் நகரும். இப்பட்டைகளோ நகரவில்லை. எனவே அவை விண்மீனுக்கு உரியவை அல்ல, விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்கு உரியவை என்பதை 1930-களில் பால் மெரில் நிறுவினார். புற ஊதாவை வளிமண்டலம் மறைப்பதால் மேட்டுக்கு ராக்கெட் தேவைப்பட்டது. 1965-இல் தியடோர் ஸ்டெச்சர் அதை அறிவித்தார்.

இரண்டுக்கும் கார்பனே காரணம் என்ற ஐயம் வலுவானது. அண்டைத் திரளான சிறிய மகெல்லன் மேகத்தில் மேடு ஏறக்குறைய இல்லை. பட்டைகளும் அங்கே மெலிந்தே தெரிகின்றன. அதைப்போல் கன தனிமங்கள் குறைந்த, புற ஊதா மிகுந்த சூழலில் இரண்டுமே நலிகின்றன.

வேறுபாடு, அவை தரும் செய்தியில் இருக்கிறது. மேடு வெகுதூரம் எட்டுகிறது. பெருவெடிப்புக்குச் சுமார் 80 கோடி ஆண்டுகளே கழிந்திருந்த காலத்து விண்மீன் திரள் ஒன்றில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைக் கண்டது. 2023-இல் முடிவு வெளியானது. கார்பன் தூசி அவ்வளவு விரைவில் எப்படித் திரண்டது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. ஆனால் அகன்ற மேடு ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை: கிராஃபைட்டா, பல்வளைய ஹைட்ரோகார்பன்களா என்பது இன்றும் முடியாத வழக்கு.

பட்டைகள் அவ்வளவு தொலைவு எட்டுவதில்லை. அண்டைத் திரள்களில்கூட, சூப்பர்நோவா போன்ற பேரொளி பின்னால் இருக்கும்போதே அவை பெரும்பாலும் தெளிவாகும். எனினும் அவற்றின் குறுகிய வடிவம் பெயர் சொல்லவல்லது. 2015-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் ஜான் மையர் குழு, 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் அயனியைக் கடுங்குளிரில் நிறுத்தி ஒளியைச் செலுத்தியது. அது உறிஞ்சிய அலைநீளங்கள் 957.7, 963.2 நானோமீட்டர் பட்டைகளோடு பொருந்தின.

தொலைவை மேடு தருகிறது, அடையாளத்தைப் பட்டைகள் தருகின்றன. இரண்டையும் இணைக்கத் தொலைநோக்கி மட்டும் போதாது. மையர் குழு செய்ததைப் போன்ற குளிர்ச் சோதனைகள் கார்பன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றுக்கும் தொடர வேண்டும்.