பேர் சொல்லாத இருபத்தெட்டு லட்சம் பேர்

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரிய எண்களைச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்கு வழக்கம். 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து தெரிந்த நாடு. அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். எல்லாம் சரிதான். என்னை உறுத்துவது அந்தக் கணக்கில் உள்ள இன்னொரு எண்: 28 லட்சம். பட்டியலில் இருந்து அடிக்கப்பட்ட பெண்கள்.

கதை கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. 1919 சட்டப்படி வாக்கு என்பது நிலமும் வரி ரசீதும் வைத்திருந்தவர்களின் சங்கதி. பெண்களுக்கு வாக்கு கொடுப்பதா வேண்டாமா என்பதை மாகாண சபைகளே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். 1921ல் சென்னை மாகாணம் முதலில் அந்தத் தடையை நீக்கியது. ஆனால் சொத்து இருந்தால்தானே வாக்கு? எத்தனை பெண்கள் பேரில் சொத்து இருந்தது? 1935 சட்டம் வட்டத்தைப் பெரிதாக்கியது; அப்போதும் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் வாக்கு. பெண்கள் பலர் உள்ளே வந்த வழி, தகுதியுள்ள ஒருவரின் மனைவி என்பது.

விடுதலைக்குப் பிறகு அந்த வட்டத்தையே அழித்துவிட்டார்கள். 21 வயது ஆனவர் எல்லோருக்கும் வாக்கு. அரசியல் சாசனம் எழுதி முடிக்கும் முன்பே, 1948ல், பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. பிரிவினையில் ஓடிவந்த அகதிகளிடம் காகிதம் ஏது? இந்த ஊரில் நிலையாகத் தங்கப்போகிறேன் என்று அவர்கள் சொன்னாலே போதும், எழுதிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போனது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் உத்தரவு இது. ஆளை நம்பி எழுதிய பட்டியல்.

பெண்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. நம்ம பக்கம் புருஷன் பேரை வாயால் சொல்லாத பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் பல பெண்கள் சொல்லாதது தங்கள் சொந்தப் பேரை. வாசலில் வந்து நிற்கும் அந்நிய ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? கணக்கெடுக்க வந்தவரும் ‘இன்னார் பொண்டாட்டி’, ‘இன்னார் மக’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பேர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்றார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் தந்தார்கள். பலர் பேரைச் சொல்லிச் சேர்ந்தார்கள். மீதிப் பேரை அடித்துவிட்டார்கள். சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் 28 லட்சம்.

சென் செய்தது சரியா? சரி என்றே நினைக்கிறேன். ‘இன்னார் பொண்டாட்டி’ என்று விட்டிருந்தால் 1935ன் மனைவி வாக்கு வேறு வேஷத்தில் தொடர்ந்திருக்கும். ஆனால் அந்தக் கண்டிப்புக்கு விலை கொடுத்தது அவரல்ல, அந்தப் பெண்கள். வீட்டு ஆண்கள் வாக்குப் போட்டுவிட்டு வந்தபோது அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

1989ல் வாக்குரிமை வயது 18 ஆனது. சட்டம் விரிவது அதோடு ஏறக்குறைய முடிந்தது. பட்டியல் சண்டை முடியவில்லை. 2025ல் அதே பீகாரில், தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் இல்லை. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்றது ஆணையம். யார் யார், என்ன காரணம் என்று வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1948ல் அகதியின் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. இன்று சாகுபடி வேலைக்குப் பஞ்சாப் போன கூலிக்காரர், தான் இருக்கிறேன் என்பதற்குக் காகிதம் தேட வேண்டியிருக்கிறது. சாசனம் ஒரே வரியில் கொடுத்த உரிமை, கடைசியில் ஒரு குமாஸ்தா எழுதும் வரியில்தான் நிற்கிறது. அந்த வரியில் நம்ம பேர் இருக்கிறதா என்று தேர்தலுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.