மேடை ஒளியமைப்புப் பட்டப்படிப்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

நாடகம், நடனம், இசை நாடகம் போன்றவற்றுக்கு விளக்கு அமைக்கும் கலையையும் அதைச் சார்ந்த மின்பணி, கருவிப்பணிகளையும் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவிப்பது மேடை ஒளியமைப்புப் பட்டப்படிப்பு. அமெரிக்காவில் இது பெரும்பாலும் நாடகத் துறைக்குள் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பிரிவில் அடங்கும். காட்சியமைப்பு, உடை, ஒலி, மேடை நிர்வாகம் ஆகியவையும் அதே கூரையின் கீழ் இருக்கும். மருத்துவம் பார்க்கப் பட்டம் வேண்டும். மேடைக்கு விளக்குப் போட அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பட்டத்தைக் கேட்டு வேலை கொடுக்கும் நாடகக் குழுக்களும் குறைவு. அதனால் இந்தப் படிப்பைத் தேர்பவர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அங்கே தனக்கு எத்தனை நாடகம் கைக்கு வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

விளக்கு வேலை என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே பல தொழில்கள் இருக்கின்றன. எந்தக் காட்சியில், எந்தத் திசையிலிருந்து, எந்த நிறத்தில், எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று முடிவெடுப்பவர் ஒளி வடிவமைப்பாளர். அவர் வரைந்து தந்த படத்தைப் பார்த்து விளக்குகளைக் குழாயில் மாட்டி, கேபிள் இழுத்து, மின்சுமையைக் கணக்கிட்டு, கடைசிக் காட்சிவரை எதுவும் அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்கள் மேடை மின்பணியாளர்கள். இவர்களின் தலைவரை மாஸ்டர் எலெக்ட்ரீஷியன் என்பார்கள். கன்சோலின் முன் உட்கார்ந்து ஒளி மாற்றங்களைப் பதிவுசெய்யும் புரோகிராமரும் இன்று தனித் தொழிலாளராகிவிட்டார். விண்ணப்பிக்கும்போது ஏறக்குறைய எல்லாருமே வடிவமைப்பாளராகத்தான் ஆசைப்படுகிறார்கள். படித்து முடித்ததும் முதல் சம்பளம் பெரும்பாலும் மற்ற இரண்டு வேலைகளில்தான் கிடைக்கிறது.

தொடக்கம்

ஹார்வர்டில் நாடகம் எழுதக் கற்பித்துப் புகழ்பெற்ற ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் 1925இல் யேல் பல்கலைக்கழகத்தின் புதிய நாடகத் துறைக்குத் தலைமையேற்கச் சென்றார். அதே ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ். அவர் படித்தது கட்டடக்கலை. யேலில் அவர் தொடங்கிய ஒளியமைப்பு வகுப்பே பல்கலைக்கழக அளவில் இத்துறையின் முதல் பாடம் என்று கருதப்படுகிறது. 1932இல் வெளியான அவருடைய கையேடு இரண்டு தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது.

அவர் சொன்ன முறை எளிமையானது. மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விளக்கு. ஒன்று நடிகரின் இடப்பக்கம் 45 பாகையில், மற்றது வலப்பக்கம் 45 பாகையில். இரண்டும் 45 பாகை உயரத்திலிருந்து இறங்க வேண்டும். ஒன்றுக்கு வெதுவெதுப்பான நிறம், மற்றதற்குக் குளிர்ந்த நிறம். முன்னாலிருந்து நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தோசைக்கல்போல் தட்டையாகிவிடும் முகத்துக்கு இப்படிச் செய்தால் மூக்கும் கன்னமும் திரும்ப வரும். இன்றைய வடிவமைப்பாளர்கள் யாரும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆனாலும் பல கல்லூரிகளில் முதலாண்டு இதிலிருந்துதான் தொடங்குகிறது, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

யேலில் பயின்ற ஜீன் ரோசந்தால், காட்சியமைப்பாளரோ மின்பணியாளரோ போகிறபோக்கில் செய்துவந்த வேலையைத் தனியொருவரின் பொறுப்பாக்கியவர்களில் முதன்மையானவர். நடன அமைப்பாளர் மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கும் 1957இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்துக்கும் ஒளியமைத்தவர் அவர். அதே பள்ளியிலிருந்து வந்த தாரன் மஸ்ஸர் 1975இல் 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்துக்கு, ஒளி மாற்றங்களை நினைவில் வைக்கும் கணினிக் கன்சோலை நியூயார்க்கின் வணிக நாடக உலகமான பிராட்வேக்குக் கொண்டுவந்தார். இத்துறைக்கு பிராட்வேயின் டோனி விருது தரத் தொடங்கியது 1970இல்தான்.

1981 முதல் யேலில் பல பத்தாண்டுகள் ஒளியமைப்புக் கற்பித்த ஜெனிஃபர் டிப்டன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தது ஆங்கில இலக்கியம். நடனமாட வந்தவர், வெளியே நின்று நடனத்தைப் பார்க்கும்போது விளக்கின் பக்கம் திரும்பினார். ஒளியமைப்பில் பட்டம் பெறாத ஒருவர் அந்தப் பட்டத்துக்கே முகவரியானார்.

பட்டங்களின் வகை

இளநிலையில் இரண்டு வழி உண்டு: பி.ஏ. (கலை இளநிலை), பி.எஃப்.ஏ. (நுண்கலை இளநிலை). இரண்டும் நான்கு ஆண்டுகள். பி.ஏ.வில் நாடகப் பாடங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி வரலாறு, அறிவியல், மொழி எனப் பரந்திருக்கும். பி.எஃப்.ஏ.வில் இது தலைகீழாகி, மூன்றில் இரண்டு பங்கு கலைப் பாடங்களுக்கே போய்விடும். 1914இல் அமெரிக்காவின் முதல் நாடகப் பட்டப்படிப்பைத் தொடங்கிய பிட்ஸ்பர்க் நகரத்து நிறுவனம், இன்றைய கார்னெகி மெல்லன், இந்த இரண்டாம் வகைக்குப் பெயர்போனது. வட கரோலினா மாநிலம் 1963இல் சட்டம் இயற்றி உருவாக்கிய கலைப்பள்ளியும் அப்படித்தான். பி.எஃப்.ஏ.தான் 'தொழில்முறைப் பட்டம்', பி.ஏ. அரைகுறை என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. ஒளியின் நடத்தை இயற்பியல். நிறத்தைக் கண் எப்படி வாங்குகிறது என்பது உளவியல். இயக்குநரோடு உட்கார்ந்து பிரதியை அலசுவது இலக்கியம். பதினெட்டு வயதில் மனம் முழுதாகத் தீர்மானிக்காதவருக்கு பி.ஏ. கதவுகளை மூடாமல் வைக்கும்.

நுண்கலை முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.ஏ. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு நிகராக மதிக்கப்படுவது அதுதான். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க விரும்புகிறவருக்கு அநேகமாகக் கட்டாயம். இளநிலை முடித்த கையோடு இதில் சேராமல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களைத் தேர்வுக்குழுக்கள் விரும்புகின்றன.

மேடை யாருக்குக் கிடைக்கிறது

பாடத்திட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலவே இருக்கும்: வரைபடம் வரைதல், நிறக் கோட்பாடு, மின்சாரம், பிரதி வாசிப்பு, கன்சோல் பயிற்சி. வேறுபாடு இருப்பது மேடைப் பங்கீட்டில். எம்.எஃப்.ஏ. நடத்தும் பெரிய பல்கலைக்கழகத்தில் பெரிய அரங்கின் நாடகங்கள் அனைத்தும் முதுநிலை மாணவர்களுக்கே போகும். இளநிலை மாணவர் நான்காண்டும் ஏணியில் ஏறி அவர்களுக்கு விளக்கு மாட்டிவிட்டு, கடைசி ஆண்டில் சிறு அரங்கில் ஒரேயொரு நாடகத்தைப் பெறலாம். கருவிகள் புதியவை, ஆசிரியர்கள் பிராட்வேயில் வேலை செய்பவர்கள். ஆனால் அந்த ஆசிரியர்களும் பாதி நாள் நியூயார்க்கில் இருப்பார்கள்.

முதுநிலை இல்லாத சிறிய கல்லூரியில் இது நேர்மாறு. இரண்டாம் ஆண்டிலேயே பெரிய மேடையை மாணவரிடம் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் கொடுக்க வேறு ஆள் இல்லை. விளக்குகள் பழையவையாக இருக்கும். நகரும் விளக்கு நான்கு இருந்தால் அதிகம். இருந்தும் பட்டம் வாங்கும்போது ஆறேழு நாடகங்களைத் தானே செய்து, தவறுகளையும் தானே செய்திருப்பார். தொழில்நுட்ப ஒத்திகையில் இயக்குநர் இருட்டிலிருந்து "இது இல்லை, வேறு" என்று மட்டும் சொல்லும்போது என்ன செய்வது என்பதை வகுப்பறையில் கற்க முடியாது. வடிவமைப்பாளராக விரும்பும் இளநிலை மாணவருக்கு இரண்டாவது வகையே மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு. மின்பணியிலோ புரோகிராமிங்கிலோ நாட்டமுள்ளவருக்கு முதல் வகை பொருந்தும். பெரிய அரங்கின் ஏணி அவருக்கு வகுப்பறைதான்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகிறவர் அலுவலகத்தில் கேட்பதைவிட விளக்குக் கிடங்கில் வேலை செய்யும் மாணவர்களிடம் கேட்பது நல்லது. போன ஆண்டு யார் எந்த நாடகத்துக்கு ஒளியமைத்தார்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், படித்து முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே சுற்றிவளைக்காத பதில் கிடைக்கும். சில இடங்களில் காலை வகுப்பில் தொடங்கி நள்ளிரவு ஒத்திகையில் முடியும் நாட்களைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. தூக்கமில்லாதவன் உயரத்தில் நின்று மின்கருவியைக் கையாளக் கூடாது.

சேர்க்கையின்போது படைப்புத் தொகுப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். இளநிலைக்கு ஓவியம், நிழற்படம், தச்சு வேலைகூட ஏற்பார்கள். முதுநிலைக்கு ஒளி வரைபடம், ஒளி மாற்றங்களின் கியூ பட்டியல், மேடைப் படங்கள் வேண்டும். கைப்பேசியில் தானியங்கியாக எடுத்த மேடைப் படம் இருட்டை வெளுக்கவைத்து வடிவமைப்பைக் கெடுத்துவிடும் என்பது பலருக்கும் நேர்காணல் நாளில்தான் தெரிகிறது.

கருவிகளைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்வதில் பயன் குறைவு. கன்சோல்களும் எல்.இ.டி. விளக்குகளும் சில ஆண்டுகளில் மாறிவிடும். 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த டி.எம்.எக்ஸ். 512 என்ற கட்டுப்பாட்டு முறை மட்டும், ஓர் இணைப்பில் 512 சேனல் என்ற அதே கணக்கில், இன்றும் நிலைத்திருக்கிறது.

செலவும் விசாவும்

இளநிலைக்குக் கடன் வாங்குவது இத்துறையில் ஆபத்து. தொடக்க வருமானம் நிலையற்றது. முதுநிலையில் நிலைமை தேவலை. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் விளக்குக் கிடங்கில் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்தால் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் வரும். யேல் நாடகப் பள்ளி, இசை, திரைப்படத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் 2021இல் தந்த 15 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு முழுநேர மாணவர் எவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை.

வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்தபின் அதே துறையில் 12 மாதம் வேலை செய்ய அனுமதி பெறலாம். அறிவியல், பொறியியல் பட்டங்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு கிடைக்குமா என்பது, அந்தப் படிப்பு அரசுப் பட்டியலில் எந்தக் குறியீட்டின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்தது. சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

இந்தியாவிலிருந்து செல்பவர்கள் ஏதாவதொரு பட்டத்தோடு முதுநிலைக்கே விண்ணப்பிப்பது வழக்கம். 1959இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பும், புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையும் அதற்கு முன் மேடையைப் பழக்கப்படுத்தும் இடங்கள். பிரிட்டனில் இளநிலை பெரும்பாலும் மூன்றே ஆண்டுகள். பொதுப் பாடங்கள் இல்லை. லண்டனின் சிட்கப் பகுதியிலுள்ள ரோஸ் புரூஃபோர்டு கல்லூரி ஒளியமைப்பு இளநிலைக்கு அறியப்பட்டது.

படிப்புக்குப் பின்

பிராட்வேயில் மின்பணியாளர்களுக்கு 1893இல் தோன்றிய ஐயாட்சி தொழிற்சங்கமும், வடிவமைப்பாளர்களுக்கு யுனைடெட் சீனிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கிளை 829உம் உண்டு. உறுப்பினராகப் பட்டம் தேவையில்லை. அனுபவமும் பரிந்துரையும் வேண்டும். நாடகத்தில் நிற்க முடியாதவர்கள் தோல்வியுற்றவர்கள் அல்லர். கப்பல் அரங்குகள், கேளிக்கைப் பூங்காக்கள், தேவாலயங்கள், இசைச் சுற்றுப்பயணங்கள், கட்டட ஒளியமைப்பு, கருவி உற்பத்தி எல்லாம் இதே படிப்பை எடுத்துக்கொள்கின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 1975இல், பிறர் விற்கும் கன்சோலைவிட நல்லதைத் தாங்களே செய்யலாம் என்று தொடங்கியதுதான் இ.டி.சி. நிறுவனம். அது 1992இல் வெளியிட்ட சோர்ஸ் ஃபோர் என்ற விளக்கு 575 வாட்டில் பழைய 1000 வாட் விளக்கின் வெளிச்சத்தைத் தந்தது. அமெரிக்கக் கல்லூரியில் சேரும் முதலாண்டு மாணவரிடம் துணியைக் கொடுத்து வில்லையைத் துடைக்கச் சொல்லும் விளக்கு இன்றும் அநேகமாக அதுதான்.