பாங்கொலியும் பீரங்கியும்: அத்னான் மெந்தரஸ் கவிழ்க்கப்பட்ட வரலாறு

துருக்கிக் குடியரசின் பிரதமராகப் பத்தாண்டுகள் பொறுப்பு வகித்த அத்னான் மெந்தரஸ், 1961 செப்டம்பர் 17 அன்று மர்மரா கடலிலுள்ள இம்ராலித் தீவில் தூக்கிலிடப்பட்டார். அவரை அறிந்தவர்கள் நம்மிடையே பெரும்பாலும் ஒரே செய்தியோடு அவரை நினைவுகூர்கின்றனர்: அரபு மொழிப் பாங்கை மீட்டுத் தந்தார், அதற்காகவே இராணுவம் அவரைக் கொன்றது என்பதே அச்செய்தி. இதன் முதற்பாதி உண்மை. பிற்பாதியோ, நிகழ்ந்தவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டுமே சொல்கிறது. முழுமையாக அறியும்போதுதான் அவ்வரலாறு நமக்குப் பயன்படும்.

தடை செய்யப்பட்ட அழைப்பு

உஸ்மானியப் பேரரசின் இடிபாடுகளிலிருந்து 1923 இல் துருக்கிக் குடியரசு எழுந்தது. முஸ்தஃபா கமால் அதாதுர்க்கும் அவருடைய குடியரசு மக்கள் கட்சியும் ஒற்றைக் கட்சி ஆட்சியை நடத்தினர். கிலாஃபத் 1924 இல் ஒழிக்கப்பட்டது. அரபு எழுத்து 1928 இல் கைவிடப்பட்டது. 1932 முதல் பாங்கும் துருக்கி மொழியில் ஒலிக்க வேண்டியதாயிற்று. 'அல்லாஹு அக்பர்' என்ற இடத்தில் 'தன்ரி உலுதுர்' என்று மோதினார்கள் அழைத்தனர். அரபு மொழியில் பாங்கு சொல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை என்று 1941 இல் சட்டமே இயற்றப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. அதாதுர்க்கிற்குப் பின் அதிபரான இஸ்மத் இனோனு எதிர்க்கட்சிக்கு இடமளித்தார். ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்த ஜலால் பயார், அத்னான் மெந்தரஸ், ஃபுவாத் கோப்ருலு, ரஃபீக் கொரால்தான் ஆகிய நால்வர் 1946 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினர். அவ்வாண்டுத் தேர்தல் நேர்மையாக நடைபெறவில்லை. 1950 மே 14 அன்று நடந்த தேர்தலோ இரகசிய வாக்களிப்பும் வெளிப்படையான எண்ணிக்கையும் கொண்டதாக அமைந்தது. 'போதும், இனி மக்களின் சொல்லே' என்ற முழக்கத்தோடு களமிறங்கிய ஜனநாயகக் கட்சி, ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளையும், 487 இடங்களில் 400க்கும் மேற்பட்டவற்றையும் பெற்றது. 27 ஆண்டுகள் ஆண்ட கட்சி ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் அதிகாரத்தைக் கைமாற்றியது. இனோனுவின் இச்செயலை அவருடைய எதிரிகளும் மறுக்கவியலாது.

பயார் அதிபரானார், அய்தின் பகுதியின் நிலக்கிழார் குடும்பத்தில் 1899 இல் பிறந்த மெந்தரஸ் பிரதமரானார். ஜூன் 16 அன்று, ரமளான் பிறக்கும் தறுவாயில், அரபு மொழிப் பாங்கின் மீதிருந்த தடை நீக்கப்பட்டது. எதிர்க்கட்சியும் அதைத் தடுக்க முனையவில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மினாராக்களிலிருந்து பழைய அழைப்பு எழுந்தபோது மக்கள் தெருக்களில் நின்று அழுதனர். வானொலியில் குர்ஆன் ஓதப்பட்டது. இமாம்களையும் கதீபுகளையும் பயிற்றுவிக்கும் பள்ளிகள் 1951 இல் மீண்டும் திறக்கப்பட்டன.

வாக்குப் பெட்டி தந்த செருக்கு

தொடக்க ஆண்டுகள் செழிப்பாக இருந்தன. அமெரிக்க உதவியோடு டிராக்டர்கள் வந்தன. 1950களின் நடுப்பகுதியில் அவற்றின் எண்ணிக்கை 40,000ஐ எட்டியது. சாலைகள் கிராமங்களை நகரங்களோடு இணைத்தன. 1952 இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது. 1954 தேர்தலில் கட்சி முன்னினும் பெரிய வெற்றி கண்டது. நாடாளுமன்றத்தின் 541 இடங்களில் 500க்கு மேல் அதன் கையில் இருந்தன.

இவ்வெற்றியே சோதனையாயிற்று. அன்றைய தேர்தல் முறையில் ஒரு மாகாணத்தில் முந்துகிற கட்சி, அம்மாகாணத்தின் எல்லா இடங்களையும் அள்ளிச்செல்லும். 1957 இல் ஜனநாயகக் கட்சி 48 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவான வாக்குகளே பெற்றது. ஆயினும் 610 இடங்களில் 424 அதற்குக் கிடைத்தன. நாட்டின் பாதிக்கு மேற்பட்டோர் தனக்கு எதிராக வாக்களித்தனர் என்பதை அவை மறைத்தது, ஆட்சியாளரும் மறந்தனர்.

அதற்கு முன்பே குறைகள் குவியத் தொடங்கியிருந்தன. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததற்காகக் கிர்ஷெஹிர் மாகாணத்தின் மாகாணத் தகுதியே 1954 இல் பறிக்கப்பட்டது. பத்திரிகையாளர்கள் சிறை சென்றனர். 1955 செப்டம்பர் 6, 7 நாட்களில் இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. அரசு அவர்களைக் காக்கவில்லை. சிறுபான்மையாய் வாழும் நாம் இந்நிகழ்வை எளிதில் கடந்துசெல்லலாகாது. அடைக்கலம் பெற்று வாழ்ந்தோரின் வழிபாட்டிடங்களைக் காப்பது ஆள்வோரின் மீதான அமானத். பாங்கை மீட்ட கரங்களே அந்த அமானத்தை நழுவவிட்டன.

விளைச்சல் குன்றியது, கடன் பெருகியது, விலைவாசி ஏறியது. 1958 ஆகஸ்டில் ஒரு டாலருக்கு 2.80 லிராவாக இருந்த மதிப்பு 9 லிராவாக வீழ்ந்தது. மாதச் சம்பளத்தில் வாழ்ந்த இராணுவ அதிகாரிகளின் குடும்பங்களை இது கடுமையாகத் தாக்கியது. அதாதுர்க்கின் வழியைக் காப்பவர்கள் தாமே என்று நம்பிய இளம் அதிகாரிகளின் உள்ளத்தில், கொள்கை வெறுப்போடு வறுமையின் கசப்பும் சேர்ந்தது. படைமுகாம்களுக்குள் இரகசியக் குழுக்கள் தோன்றின.

மெந்தரஸின் மதிப்பு ஒருமுறை மீண்டும் உயர்ந்தது. சைப்ரஸ் உடன்படிக்கைக்காக 1959 பிப்ரவரியில் இலண்டன் சென்றபோது, அவர் பயணம் செய்த விமானம் கேட்விக் அருகே நொறுங்கியது. 14 பேர் இறந்தனர். அவர் உயிர் பிழைத்தார். இறைவனே அவரைக் காத்தான் என்று ஆதரவாளர்கள் மகிழ்ந்தனர். ஆனால் ஓர் ஆபத்திலிருந்து தப்பியது, செய்வன யாவும் சரியென்பதற்குச் சான்றாகிவிடாது.

1960 ஏப்ரலில் மிகப் பெரிய பிழை நிகழ்ந்தது. எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்க, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் 15 பேரை மட்டும் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நீதிமன்றத்திற்குரிய அதிகாரங்கள் அதற்கு வழங்கப்பட்டன. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். இஸ்தான்புல்லில் ஏப்ரல் 28 அன்று ஒரு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 21 அன்று அங்காராவில் இராணுவக் கல்லூரி மாணவர்களே சீருடையோடு ஊர்வலம் சென்றனர்.

1960 மே 27

அன்று விடியுமுன் டாங்கிகள் தெருவுக்கு வந்தன. கர்னல் அல்பர்ஸ்லான் துர்கேஷ் வானொலியில் அறிவிப்பை வாசித்தார். உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் கொல்லாதிருக்கவே ஆயுதப்படைகள் ஆட்சியை ஏற்றுள்ளன என்றும், நேட்டோவுக்கு விசுவாசமாக இருப்போம் என்றும் அது கூறியது. கூத்தாஹியா நகரருகே மெந்தரஸ் கைதானார். 38 அதிகாரிகள் கொண்ட தேசிய ஒற்றுமைக் குழு ஆட்சியைக் கைப்பற்றியது. ஜெனரல் ஜமால் குர்ஸல் அதன் தலைவரானார்.

இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர்கள் உடனடியாக வரவழைக்கப்பட்டனர். கவிழ்க்கப்பட்ட அரசு தன் சட்டத் தகுதியை முன்பே இழந்துவிட்டது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தனர். சில மாதங்களில் அதே இராணுவ ஆட்சி 147 பல்கலைக்கழக ஆசிரியர்களைப் பணிநீக்கம் செய்தது. ஆட்சியாளரின் வாசலில் நிற்கும் அறிஞரைப் பற்றி நம் முன்னோர் ஏன் அத்துணை அஞ்சினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புரட்சி தன் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. ஆட்சியை விரைந்து திருப்பித் தர விரும்பாத 14 அதிகாரிகள் நவம்பரில் குழுவிலிருந்து நீக்கப்பட்டு வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு அனுப்பப்பட்டனர். வானொலியில் முழங்கிய துர்கேஷ் புதுதில்லிக்கு வந்து சேர்ந்தார்.

தீவில் ஒரு நீதிமன்றம்

இஸ்தான்புல்லுக்கு அருகிலுள்ள யஸ்ஸிஅதா தீவில் 1960 அக்டோபர் 14 அன்று வழக்குகள் தொடங்கின. 592 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஆட்சியைக் கைப்பற்றியவர்களே நீதிமன்றத்தை உருவாக்கி, நீதிபதிகளையும் நியமித்தனர். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. ஆப்கானிஸ்தான் மன்னர் பயாருக்குப் பரிசளித்த நாயை விலங்குக்காட்சிச் சாலைக்கு விற்றது குறித்தும் ஒரு வழக்கு நடந்தது. மெந்தரஸின் அந்தரங்க வாழ்வைக் கடைத்தெருவுக்கு இழுத்த மற்றொரு வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். அவரைக் குற்றவாளியாக்குவதற்கு முன் இழிவுபடுத்துவதே நோக்கம் என்பது மக்களுக்குப் புரிந்தது.

அரசியலமைப்பை மீறிய குற்றத்திற்காக 15 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 12 பேரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது; முதுமை காரணமாகப் பயாரும் தப்பினார். வெளியுறவு அமைச்சராயிருந்த ஃபாத்தின் ருஷ்து சோர்லுவும், நிதியமைச்சராயிருந்த ஹஸன் பொலாத்கானும் செப்டம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டனர். உறக்க மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்டு நினைவிழந்திருந்த மெந்தரஸை மருத்துவர்கள் பிழைக்கவைத்தனர். மறுநாளே அவர் தூக்குமேடைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தண்டனையை நிறைவேற்ற வேண்டாமென்று அவருடைய பரம எதிரியான இனோனுவும் கடிதம் எழுதியிருந்தார். அக்குரல் செவியேறவில்லை.

திறந்துவிட்ட கதவு

இராணுவம் தந்த 1961 அரசியலமைப்பு, அரசியல் சாசன நீதிமன்றத்தையும் தொழிற்சங்க உரிமைகளையும் வழங்கிய தரமான சட்டம் என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆனால் அதைத் தந்த முறை அதனையே அரித்தது. ஒருமுறை திறந்த கதவைப் பிறகு எவராலும் அடைக்க முடியவில்லை. 1962 பிப்ரவரியிலும் 1963 மேயிலும் கர்னல் தலாத் அய்தெமிர் கவிழ்ப்புக்கு முயன்று தோற்றார். 1964 இல் அவரும் தூக்கிலிடப்பட்டார். 1971 மார்ச் 12 அன்று தளபதிகளின் ஓர் எச்சரிக்கைக் கடிதமே அரசைப் பதவி விலகச் செய்தது. 1980 செப்டம்பர் 12 அன்று கனான் எவ்ரென் தலைமையில் நடந்த கவிழ்ப்பில் இலட்சக்கணக்கானோர் கைதாயினர். ஐம்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அன்று எழுதப்பட்ட 1982 அரசியலமைப்பு, பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. 1997 இல் நஜ்முத்தீன் எர்பகான் பதவி விலக நேர்ந்தது; ஹிஜாப் அணிந்த மாணவிகள் பல்கலைக்கழக வாயில்களில் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இடையே இன்னொரு நிகழ்வையும் குறிக்க வேண்டும். 1972 மே 6 அன்று மூன்று இடதுசாரி இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டனர். நாடாளுமன்றத்தில் அத்தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தோருள் மெந்தரஸின் வழிவந்த நீதிக் கட்சியினர் முன்னின்றனர். தம் தலைவர் தூக்கிலேறியபோது துடித்தவர்கள், பிறர் பிள்ளைகளின் முறை வந்தபோது கை உயர்த்தினர்.

மெந்தரஸுக்கும் இரு அமைச்சர்களுக்கும் 1990 இல் நாடாளுமன்றம் சட்டத்தின் வழியே மதிப்பை மீட்டளித்தது. அவர்களுடைய உடல்கள் இம்ராலியிலிருந்து இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கப்பட்டன. 2016 ஜூலை 15 இரவு இராணுவத்தின் ஒரு பிரிவு மீண்டும் முயன்றபோது, மினாராக்களிலிருந்து ஸலவாத்து ஒலிக்க, மக்கள் வீதிக்கு வந்து டாங்கிகளை மறித்தனர். ஏறத்தாழ 250 பேர் உயிர் துறந்தனர். அவர்களுடைய தியாகம் போற்றத்தக்கது. அதன் பின் இரண்டாண்டுகள் நீடித்த நெருக்கடி நிலையில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் பணியிழந்தனர் என்பதையும் அதே நேர்மையோடு பதிவு செய்தல் வேண்டும்.

நமக்கான படிப்பினை

மார்க்கத்திற்கு நன்மை செய்த ஆட்சியாளர் கேள்விக்கு அப்பாற்பட்டவராகிவிடுவதில்லை. தாம் நேர்வழி நின்றால் உதவுங்கள், பிறழ்ந்தால் திருத்துங்கள் என்று தம் முதல் உரையிலேயே மக்களைக் கேட்டுக்கொண்டவர் அபூபக்ர் (ரலி) அவர்கள். மெந்தரஸைச் சூழ்ந்திருந்தோர் அவரைத் திருத்தவில்லை, புகழ்ந்தனர். அவரை எதிர்த்தோரோ தேர்தல் வரை பொறுத்திருக்கவில்லை, துப்பாக்கியை நாடினர். இவ்விரு பிழைகளும் சமமானவை அல்ல. முன்னதற்கு மருந்து மக்களின் வாக்கில் இருந்தது. பின்னது அந்த மருந்தையே உடைத்தெறிந்தது. மூன்று உயிர்களைத் திரும்பப் பெறவியலாதவாறு பறித்தது.

ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக்கூடாது என்று குர்ஆன் (5:8) கட்டளையிடுகிறது. எகிப்தில் 2013 ஜூலையில் நடந்தது போன்ற கவிழ்ப்புச் செய்திகள் வரும்போது, வீழ்ந்தவர் நம் விருப்பத்திற்குரியவரா அல்லவா என்பதை வைத்தே நம்மில் பலர் கண்டிக்கிறோம், அல்லது வாளாவிருக்கிறோம். நம் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொண்டே வளர்கின்றனர். அரபு மொழிப் பாங்கை மீட்ட மெந்தரஸை அவர்களுக்குச் சொல்லும் நாம், கிர்ஷெஹிர் மக்களையும் இஸ்தான்புல் கிரேக்கர்களையும் சேர்த்தே சொல்வோம். எதிரிக்காகக் கடிதம் எழுதிய இனோனுவையும் மறைக்காமல் சொல்வோம். அவ்வாறு கற்ற தலைமுறை, ஒரு தலைவரை நேசிக்கும்போதும் அவரிடம் கணக்குக் கேட்கும். வெறுக்கும்போதும் அவருக்கு நீதி மறுக்கப்படுவதைப் பொறுக்காது. அத்தகையோராய் நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக.